அபராதம் போட்டும் ஏன் தாமதம்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே "சட்டம் எழுதுகிறவர்கள் கொஞ்சம் நடத்தைப் பொருளியல் படித்தால் தேவலை" என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். மனிதர்கள் நிஜத்தில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று சோதித்துப் பார்க்கும் பொருளியல்தான் அது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை வேறு எதுவும் இல்லை, முழுக்க இதுதான்.

கேள்வி: பொருளாதாரத்துக்கும் சட்டத்துக்கும் என்ன சார் சம்பந்தம்? அதிலும் இந்த 'நடத்தை' எங்கிருந்து வந்தது? – ஒரு சட்டக் கல்லூரி மாணவி

எந்தச் சட்டத்தைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே ஒரு கற்பனை மனிதர் உட்கார்ந்திருப்பார். தண்டனையைக் கண்டு பயப்படுவார், கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்ப்பார், தனக்கு எது லாபம் என்று கணக்குப் போட்டு நடப்பார். இந்த மனிதரைச் சட்டத்துக்குள் முறையாகக் குடியேற்றியவர்கள் பொருளியல்காரர்கள்தான். குற்றம் செய்யப் போகிறவன் கிடைக்கும் ஆதாயத்தையும், மாட்டிக்கொள்ளும் வாய்ப்பையும், தண்டனையையும் எடைபோடுகிறான் என்று 1968-ல் கேரி பெக்கர் எழுதினார். அதற்கு முன்பே, 1960-ல், ரொனால்ட் கோஸ் ஒன்று சொல்லியிருந்தார்: பேரம் பேசுவதற்குச் செலவே இல்லை என்றால், ஓர் உரிமையைச் சட்டம் முதலில் யாரிடம் கொடுத்தாலும் சரி, அதற்கு அதிக மதிப்புத் தருகிறவரிடம்தான் அது கடைசியில் போய்ச் சேரும். இரண்டு பேருக்கும் பின்னாளில் நோபல் கிடைத்தது. இரண்டுமே அழகான வாதங்கள், இன்றைக்கும் படிக்க வேண்டியவை.

சிக்கல் அந்தக் கற்பனை மனிதரிடம்தான். 1979-ல் உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் காட்டியது என்னவென்றால், கிடைப்பதையும் இழப்பதையும் நாம் ஒரே தராசில் வைப்பதில்லை, இழப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு வலிக்கிறது. 1990-ல் வெளியான ஒரு சோதனையில் மாணவர்களில் பாதிப் பேருக்குக் காப்பிக் கோப்பை ஒன்றைக் கொடுத்து, அதை மீதிப் பேருக்கு விற்கச் சொன்னார்கள். சற்று முன்புதான் கைக்கு வந்த கோப்பை, அதற்கு அவர்கள் கேட்டது 7 டாலர் அளவில், வாங்க வந்தவர்கள் தரத் தயாராக இருந்தது 3 டாலர் அளவில். யாருக்குப் பிடிக்கும் என்று பார்த்துக் கோப்பையைக் கொடுக்கவில்லை, அதனால் கோஸ் சொன்னபடி பார்த்தால் ஏறக்குறைய பாதிக் கோப்பைகள் கைமாறியிருக்க வேண்டும். அதில் பாதிகூட மாறவில்லை.

கோப்பைதானே என்று விட்டுவிட முடியாது. வார்ட் ஃபார்ன்ஸ்வொர்த் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர், பக்கத்து வீட்டுச் சத்தம், நாற்றம், புகை மாதிரியான தொல்லை வழக்குகள் இருபதை எடுத்துக்கொண்டு, தீர்ப்புக்குப் பிறகு கட்சிக்காரர்கள் உரிமையை விலைபேசிக் கொண்டார்களா என்று அந்த வக்கீல்களிடமே விசாரித்தார். ஒரு வழக்கில்கூட இல்லை. பகை ஒரு காரணம், 'ஜெயித்த உரிமையைக் காசுக்கு விற்பதா' என்ற எண்ணம் இன்னொரு காரணம். அப்படியானால் உரிமையை முதலில் யாரிடம் கொடுக்கிறோம் என்பது பெரிய விஷயம், ஏனென்றால் அது அங்கேயேதான் தங்கப் போகிறது.

1998-ல் ஜோல்ஸ், சன்ஸ்டீன், தேலர் மூவரும் ஒரு நீண்ட கட்டுரையில் இதையெல்லாம் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். மனிதருக்கு அறிவிலும் எல்லை உண்டு, மன உறுதியிலும் எல்லை உண்டு, சுயநலத்திலும்கூட எல்லை உண்டு என்பது அவர்கள் வாதம். அந்த மூன்றாவதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். 'நடத்தைப் பொருளியல் மனிதனை முட்டாள் என்கிறது' என்பது அரைகுறையாகப் படித்தவர்கள் கிளப்பிவிட்ட பேச்சு.

கேள்வி: அபராதத்தை ஏற்றினால் தப்பு தானாகக் குறையுமே? இதில் ஆராய்ச்சிக்கு என்ன இருக்கிறது? – ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர்

பல நேரம் குறையும். ஆனால் ஏறவும் செய்யும். இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் பத்துக் குழந்தைக் காப்பகங்களில் யூரி நீஸியும் ஆல்டோ ருஸ்டிகினியும் நடத்திய ஆய்வு 2000-ல் வெளிவந்தது. மாலையில் பிள்ளையை அழைத்துப் போகப் பெற்றோர் தாமதமாக வருவதுதான் பிரச்சினை. சில காப்பகங்களில் 10 நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷெக்கெல் அபராதம் என்று அறிவித்தார்கள். தாமதம் குறையவில்லை, கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது! அதுவரை 'ஆசிரியை நமக்காகக் காத்திருக்கிறாரே' என்ற கூச்சம் பெற்றோரை ஓட ஓட வரவைத்தது, அபராதம் வந்ததும் அந்தக் கூச்சத்துக்கு ஒரு விலைச்சீட்டு ஒட்டியாகிவிட்டது. காசு கொடுத்தாகிவிட்டது, நிதானமாகப் போகலாம். இதைவிடச் சங்கடமான பகுதி அடுத்தது. சில வாரங்கள் கழித்து அபராதத்தை எடுத்துவிட்டார்கள், தாமதம் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. போன கூச்சம் போனதுதான்.

இதிலிருந்து 'அபராதம் வீண்' என்று கிளம்பிவிடாதீர்கள். அங்கே அபராதம் சின்னது, 500 ஷெக்கெல் என்றிருந்தால் எல்லோரும் ஐந்து நிமிடம் முன்பே வந்து நின்றிருப்பார்கள். சட்டம் எழுதுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இப்போது தப்பு செய்யாமல் இருப்பவர்களை எது தடுத்துவைத்திருக்கிறது? அது மனசாட்சி என்றால் அதன் மேல் சில்லறை அபராதத்தை வைப்பது ஆபத்து. ஒன்று கனமாகப் போடு, இல்லையென்றால் போடாதே.

இன்னொன்று. தண்டனையின் கனத்தைவிட, மாட்டிக்கொள்வோம் என்ற நிச்சயம்தான் அதிகம் தடுக்கிறது என்று 1764-லேயே இத்தாலியில் பெக்காரியா எழுதிவிட்டார். பத்து ஆண்டு கழித்து வரப்போகிற சிறை இன்றைய மனதுக்கு மிகச் சின்னதாகத் தெரியும், நாளைக்கே பிடிபடுவோம் என்பது பெரிதாகத் தெரியும். ஆனாலும் கனத்தை ஏற்றுவதுதான் எல்லா ஆட்சியாளர்களுக்கும் பிடிக்கிறது. காரணம் எளிது, தண்டனையை ஏற்ற ஒரு திருத்தம் போதும், நிச்சயத்தை ஏற்ற ஆளும் பணமும் வேண்டும்.

கேள்வி: சரி, மக்கள் தடுமாறுகிறார்கள். நீதிபதிகள் தடுமாற மாட்டார்கள் அல்லவா? – ஒரு வழக்கறிஞர்

கேள்வியிலேயே உங்கள் குறும்பு தெரிகிறது. அமெரிக்காவில் 167 கூட்டாட்சி மாஜிஸ்திரேட் நீதிபதிகளிடம் நடத்திய சோதனை 2001-ல் வெளிவந்தது. கடுமையாகக் காயம்பட்ட ஒருவருக்கு எவ்வளவு இழப்பீடு தருவீர்கள் என்பது கேள்வி. பாதிப் பேருக்கு வழக்கு விவரம் மட்டும், மீதிப் பேருக்கு அதோடு ஒரு சின்னச் சேர்க்கை: 'கூட்டாட்சி நீதிமன்றம் விசாரிக்கத் தேவையான 75,000 டாலர் வரம்பையே இந்த வழக்கு தாண்டாது, தள்ளுபடி செய்யுங்கள்' என்று எதிர்த்தரப்பு ஒரு மனு போட்டிருக்கிறது. காயத்தின் கடுமையைப் பார்த்தால் அந்த மனு நிற்கவே நிற்காது, யாருக்கும் தெரியும். ஆனாலும் மனுவைப் பார்க்காதவர்கள் சராசரியாக 12.5 லட்சம் டாலர் அளவுக்குத் தந்தார்கள், பார்த்தவர்கள் 8.8 லட்சம் அளவில் நின்றுவிட்டார்கள். உதவாத எண் ஒன்று காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

ஜெர்மனியில் இதைவிட ஒரு படி மேலே போனார்கள். சட்டத்துறையைச் சேர்ந்தவர்கள் கையில் பகடைகளைக் கொடுத்து உருட்டச் சொல்லி, விழுந்த எண்தான் ஒரு குற்றவாளிக்கு அரசுத் தரப்பு கேட்கும் தண்டனையின் மாதக் கணக்கு என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பகடையில் 3 விழுந்தவர்கள் சராசரியாக 5 மாதத்தைச் சற்றே தாண்டினார்கள், 9 விழுந்தவர்கள் 8 மாதத்தை நெருங்கினார்கள். உருட்டியது அவர்கள் கைதான்.

நடந்தபின் வரும் ஞானம் இன்னொரு தொல்லை. 1995-ல் வந்த ஓர் ஆய்வில், வெள்ள அபாயத்துக்காக நகர நிர்வாகம் கூடுதல் முன்னெச்சரிக்கை எடுத்திருக்க வேண்டுமா என்று இரண்டு குழுக்களிடம் கேட்டார்கள். வெள்ளம் வருமா வராதா என்று தெரியாத குழுவில் 24 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள். வெள்ளம் வந்து சேதமாகிவிட்டது என்று சொல்லப்பட்ட குழுவில் 57 சதவீதம். ஆதாரம் இரு குழுவுக்கும் ஒன்றுதான். கவனக்குறைவு வழக்குகள் எல்லாமே இரண்டாவது குழுவின் நாற்காலியில் உட்கார்ந்துதான் விசாரிக்கப்படுகின்றன, வேறு வழியும் இல்லை. இங்கே சட்டத்தைப் பாராட்ட வேண்டும். உளவியல் ஆய்வுகளெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அனுபவத்தில் அது இதைக் கண்டுகொண்டது. விபத்துக்குப் பிறகு படிக்கட்டைச் சரிசெய்தார் என்பதையே 'அப்போ முன்பு தப்பு இருந்தது' என்பதற்குச் சாட்சியமாக்கக் கூடாது என்ற விதி அமெரிக்காவில் இருக்கிறது. நிறுவன இயக்குநர்கள் நல்லெண்ணத்தோடு, தகவல் திரட்டி எடுத்த முடிவு பிறகு நஷ்டத்தில் முடிந்தாலும், நீதிமன்றம் அதைக் கிளறாது என்பது இன்னொன்று.

சாப்பாட்டு இடைவேளை ஆய்வைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். இஸ்ரேலில் பரோல் மனுக்களுக்குச் சாதகமான முடிவு இடைவேளை முடிந்ததும் 65 சதவீதம் அளவில் இருந்து, அடுத்த இடைவேளை நெருங்க நெருங்கப் பூஜ்யத்தை ஒட்டிப் போனதாக 2011-ல் வந்தது. பசித்த நீதிபதி இரக்கமற்றவர் என்று உலகம் முழுக்கப் பரவியது. அதே ஆண்டு மறுப்பும் வந்தது: வழக்குகளின் வரிசை தற்செயலானது இல்லை, வக்கீல் இல்லாத கைதிகள் ஒவ்வொரு அமர்விலும் கடைசியில் வருகிறார்கள், அவர்களுக்கு எப்போதும் வாய்ப்புக் குறைவு. நான் அந்த ஆய்வை எங்கும் மேற்கோள் காட்டுவதில்லை.

கேள்வி: என் வக்கீல் நாம்தான் ஜெயிப்போம் என்கிறார். எதிர்த்தரப்பு வக்கீலும் அவர் கட்சிக்காரரிடம் அதையே சொல்கிறாராம். யார் பொய் சொல்கிறார்கள்? – பெயர் வெளியிட விரும்பாதவர்

இருவருமே உண்மையாக நம்பலாம். லிண்டா பாப்காக், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் குழுவினர் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து வழக்கின் கோப்பை மாணவர்களுக்குக் கொடுத்துச் சிலரை வாதித் தரப்பாகவும் சிலரைப் பிரதிவாதித் தரப்பாகவும் ஆக்கினார்கள். நீதிபதி எவ்வளவு தருவார் என்று ஊகிக்கச் சொன்னார்கள், சரியாக ஊகித்தால் பரிசு உண்டு. அப்படியும் வாதித் தரப்பின் ஊகம் எதிர்த்தரப்பைவிட 14,500 டாலர் அளவுக்கு மேலே நின்றது. கோப்பைப் படித்த பிறகுதான் தான் எந்தப் பக்கம் என்று தெரிந்தவர்களில் 6 சதவீதம் ஜோடிகள் மட்டும் சமரசத்துக்கு வரவில்லை, முன்பே பக்கம் தெரிந்து படித்தவர்களில் அது 28 சதவீதம். பக்கம் தெரிந்த கண் வேறு மாதிரிப் படிக்கிறது.

மருந்தும் அவர்களே கண்டுபிடித்தார்கள். நம் தரப்பின் பலவீனங்கள் என்னென்ன என்று உட்கார்ந்து எழுதச் சொன்னார்கள், முறிந்த பேச்சுவார்த்தைகள் 35-ல் இருந்து 4 சதவீதமாக இறங்கின. உங்கள் வக்கீலிடம் 'ஜெயிப்போமா' என்று கேட்காதீர்கள். 'தோற்றால் எதனால் தோற்போம், எழுதிக் கொடுங்கள்' என்று கேளுங்கள்.

கேள்வி: டீஃபால்ட் என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் தானாக எது அமையுமோ அதுதானே? அதில் இவ்வளவு சக்தியா? – கணினித் துறையில் வேலை செய்யும் வாசகி

அதேதான். அமெரிக்காவின் இரண்டு பக்கத்து மாநிலங்கள், நியூ ஜெர்சியும் பென்சில்வேனியாவும். இரண்டிலும் கார் இன்சூரன்ஸ் எடுக்கும்போது, விபத்து நடந்தால் வழக்குப் போடும் முழு உரிமை வேண்டுமா, அல்லது குறைந்த பிரீமியத்துக்கு உரிமையைச் சுருக்கிக்கொள்கிறீர்களா என்று தேர்ந்தெடுக்கலாம். நியூ ஜெர்சியில் பேசாமல் இருந்தால் சுருக்கப்பட்ட உரிமை, பென்சில்வேனியாவில் பேசாமல் இருந்தால் முழு உரிமை. முழு உரிமை வைத்துக்கொண்டவர்கள் நியூ ஜெர்சியில் 20 சதவீதம் அளவில், பென்சில்வேனியாவில் 75 சதவீதம் அளவில். நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையையே ஒரு காலிக் கட்டம் தீர்மானித்திருக்கிறது.

ஓய்வூதியத்தில் இதைத்தான் பயன்படுத்தினார்கள். ஒரு அமெரிக்க நிறுவனத்தில் புதிய ஊழியர்களைத் தானாகவே சேமிப்புத் திட்டத்தில் சேர்த்து, வேண்டாதவர் விலகலாம் என்று மாற்றியதும், சேர்ந்தவர்கள் 49-ல் இருந்து 86 சதவீதம் ஆனார்கள் என்று 2001-ல் ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்கா 2006-ல் இதற்குச் சட்ட ஊக்கம் கொடுத்தது, பிரிட்டன் 2012 முதல் படிப்படியாக முதலாளிகளுக்குக் கட்டாயமாக்கியது. பலரும் சொல்லாமல் விடுகிற பாதி ஒன்று உண்டு. அந்த நிறுவனத்தில் தானாக வைத்த சேமிப்பு விகிதம் சம்பளத்தில் 3 சதவீதம்தான், தாமாகச் சேர்ந்திருந்தால் அதற்கு மேல் போட்டிருக்கக்கூடியவர்களும் அந்த 3-லேயே உட்கார்ந்துவிட்டார்கள். மக்கள் அசையமாட்டார்கள் என்று தெரிந்து ஓர் எண்ணை வைக்கிறோம், அந்த எண் தப்பாக இருந்தாலும் அசையமாட்டார்கள்.

உடலுறுப்பு தானத்தில் கதை இன்னும் சிக்கல். மறுத்தாலொழிய சம்மதம் என்று கொள்ளும் ஆஸ்திரியாவில் ஏறக்குறைய எல்லோரும் தானக்காரர்கள், கேட்டுச் சம்மதம் வாங்கும் ஜெர்மனியில் 12 சதவீதம் என்ற 2003-ன் ஒப்பீடு பிரபலம். ஏட்டில் இருக்கும் சம்மதம் அறுவைச் சிகிச்சை மேசைக்கு வந்து சேர்வது வேறு விஷயம். ஸ்பெயின் இதில் உலகின் முன்வரிசையில் இருப்பதற்கு, 1979-லேயே எழுதிய சட்டத்தைவிட, 1989-க்குப் பிறகு மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களை அமர்த்தியதைத்தான் அங்கே காரணமாகச் சொல்கிறார்கள். குடும்பத்தாரிடம் இன்றும் கேட்டுத்தான் எடுக்கிறார்கள்.

கேள்வி: 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானைப் படிக்காமலே அழுத்துகிறேன். நான் மட்டும்தானா?

மென்பொருள் விற்கும் இணையதளங்களுக்கு வந்தவர்களின் நடமாட்டத்தைப் பார்த்து 2014-ல் எழுதியவர்கள் சொன்னது: உரிம ஒப்பந்தத்தைத் திறந்தாவது பார்த்தவர்கள் ஆயிரத்துக்கு ஒருவர், இருவர். நிம்மதியாக இருங்கள்.

கேள்வி: அரசாங்கம் மக்களுக்குத் தெரியாமல் அவர்களை ஒரு பக்கம் தள்ளுவது ஏமாற்று இல்லையா? நட்ஜ் என்று செல்லப்பெயர் வைத்துவிட்டால் சரியாகிவிடுமா? – கல்லூரிப் பேராசிரியர் ஒருவர்

பாதிக்கு மேல் ஒத்துப்போகிறேன். வழக்கமாகத் தரும் பதில், எப்படியும் ஏதாவது ஒரு டீஃபால்ட் இருந்துதான் தீரும், அதை நல்லதாக வைப்போமே என்பது. அது சரி, ஆனால் 'நல்லது' யாருக்கு என்பதை அது சொல்வதில்லை. சொல்லிவிட்டுச் செய்தால் வேலை செய்யாமல் போகும் எதையும் அரசு செய்யக் கூடாது என்பது என் அளவுகோல். ஓய்வூதியத்தில் தானாகச் சேர்ப்பதைப் பகிரங்கமாக அறிவித்துவிட்டுத்தான் செய்கிறார்கள், அப்படியும் வேலை செய்கிறது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை வேறு. நட்ஜ் மலிவானது, யாரையும் பகைத்துக்கொள்ளத் தேவையில்லை. அதனாலேயே கண்டிப்பான விதி வேண்டிய இடத்திலும் அதையே கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். மக்கள் செய்யும் தவறால் யாருக்காவது வருமானம் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வரவில்லை என்றால், உதாரணத்துக்குத் தடுப்பூசித் தேதியை மறப்பது, ஒரு நினைவூட்டல் போதும். வருகிறது என்றால் எதிரே ஒரு நிறுவனம் சம்பளத்துக்கு ஆள் வைத்து அந்தத் தவறை வளர்த்துக்கொண்டிருக்கும், உங்கள் நினைவூட்டல் அதன் முன் நிற்காது.

அமெரிக்காவின் 2009 கிரெடிட் கார்டு சட்டம் இதற்கு நல்ல உதாரணம், ஏனென்றால் ஒரே சட்டத்தில் இரண்டு வகையும் இருந்தன. பில்லில் 'மாதம் இவ்வளவு கட்டினால் 36 மாதத்தில் கடன் அடையும்' என்று அச்சிட வைத்தார்கள், அது நட்ஜ். வரம்பு மீறினால், தாமதித்தால் வாங்கும் கட்டணங்களுக்குக் கடிவாளம் போட்டார்கள், அது விதி. சுமித் அகர்வால் குழுவினர் 2015-ல் வெளியிட்ட கணக்குப்படி கடிவாளம் ஆண்டுக்கு 1,190 கோடி டாலர் மிச்சப்படுத்தியது. அச்சிட்ட வரியால் நடந்த மாற்றம் மிகச் சொற்பம். ஐரோப்பிய ஒன்றியமும் 2011-ல், கூடுதல் கட்டணச் சேவைகளுக்கு முன்கூட்டியே டிக் அடித்து வைப்பதைத் தடுத்தபோது வாடிக்கையாளருக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. டிக் வாங்காமல் பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடு என்றது. எனக்கு அந்த வழிதான் பிடிக்கிறது.

கேள்வி: சம்மன் கொடுத்தும் கோர்ட்டுக்கு வராதவர்கள் சட்டத்தை மதிக்காதவர்கள்தானே? பிடிவாரண்ட் போடுவதில் என்ன தப்பு?

நியூயார்க் நகரத்தில் இதைச் சோதித்து 2020-ல் எழுதினார்கள். சின்னக் குற்றங்களுக்கான சம்மன் தாளில் என்ன குற்றம் என்பது மேலே, வர வேண்டிய தேதியும் இடமும் எங்கோ கீழே. அதைத் திருப்பிப் போட்டுத் தேதி, இடம், வராவிட்டால் என்ன ஆகும் என்பதை முன்னே வைத்தார்கள். வராமை 13 சதவீதம் குறைந்தது. விசாரணைக்கு முன்பு செல்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பியதில் 21 சதவீதம் குறைந்தது. வேண்டுமென்றே ஓடுகிறவன் தாளின் வடிவம் மாறியதற்காக வந்து நிற்கமாட்டான். ஆக அதில் கணிசமானவர்கள் மறந்தவர்கள், குழம்பியவர்கள், வேலையில் லீவு கிடைக்காமல் தள்ளிப்போட்டவர்கள். அவர்கள் மேல் வாரண்ட் போட்டு, பிடித்து, அடைத்து, அதற்கு ஆன செலவில் எத்தனை குறுஞ்செய்தி அனுப்பியிருக்கலாம்? இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. பெரிய கோட்பாடு எதுவும் இல்லை, ஒரு தாளை ஒழுங்காக அச்சடித்தார்கள்.

கேள்வி: இந்த ஆய்வுகளில் மோசடி நிறைய என்கிறார்களே, எதை நம்புவது? – ஆராய்ச்சி மாணவர்

படிவத்தின் கடைசியில் இல்லாமல் மேலேயே 'நான் சொல்வது உண்மை' என்று கையெழுத்து வாங்கினால் பொய் குறையும் என்று 2012-ல் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்களே 2020-ல் மறுபடி செய்து பார்த்தார்கள், பலிக்கவில்லை. அடுத்த ஆண்டு அதிலிருந்த கார் இன்சூரன்ஸ் தரவு ஜோடிக்கப்பட்டது என்று வெளிப்பட்டுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். நேர்மையைப் பற்றிய ஆய்வு! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

மோசடி இல்லாத இடத்திலும் மிகை உண்டு. டெல்லாவிக்னா, லினோஸ் இருவரும் 2022-ல் ஒப்பிட்டார்கள்: ஆய்விதழ்களில் வந்த நட்ஜ் சோதனைகளில் சராசரி விளைவு 8.7 சதவீதப் புள்ளி, அமெரிக்காவின் இரண்டு நட்ஜ் அமைப்புகள் நடத்திய 126 சோதனைகளை ஒன்றுவிடாமல் சேர்த்துப் பார்த்தால் 1.4. வேலை செய்யாதது ஆய்விதழில் இடம்பிடிப்பதில்லை என்பதுதான் பெரும்பகுதிக் காரணம். 1.4 கேவலமான எண் இல்லை, ஒரு கடிதத்தின் வாசகத்தை மாற்றுவதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. ஆனால் அதை வைத்து வறுமையை ஒழிக்கப் போகிறேன் என்று மேடையில் பேசுகிறவரிடம் மட்டும் ஜாக்கிரதையாக இருங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் பைக்கு வரி எதற்கு? சொந்தப் பை கொண்டுவந்தால் அதே காசைத் தள்ளுபடியாகக் கொடுத்தால் மக்களும் திட்டமாட்டார்களே?

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் வட்டாரக் கடைகளில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். 5 சென்ட் தள்ளுபடிக்குக் கிட்டத்தட்ட யாரும் அசையவில்லை. அதே 5 சென்டை வரியாகக் கேட்டதும் பை வாங்குகிறவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். திட்டு வாங்கத்தான் வேண்டும்.